எல்லோரும் காலையில்தான் வந்தார்கள்

போன வாரம் என் மூட்டு வலிக்காக மகன் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தான். காலை எட்டரை மணிக்கு. எனக்கு வலி வருவது ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது. காலை எட்டரைக்கு நான் நன்றாகத்தான் நடப்பேன். டாக்டரும் நாலடி நடக்கவிட்டுப் பார்த்து, "நல்லாத்தானே நடக்கறீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இதைச் சொன்னால் மகன், "காலைலயே போனாக் கூட்டம் இருக்காதும்மா" என்கிறான். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மூட்டு வலிக்கு இத்தனை கோபமா என்று அவர்களுக்கு ஆச்சரியம். உங்களுக்குப் புரியும். நாமெல்லாம் முதல் பஸ்ஸுக்காக அரைத் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்கள்.

நம் அப்பாக்களுக்கு எதற்கும் முதல் பஸ்தான். துணி எடுக்க, கோர்ட்டுக்குப் போக, இழவுக்குப் போக, எல்லாவற்றுக்கும். ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் முதல் பஸ் எங்கள் ஊர்ப் பிரிவுக்கு ஐந்தேகாலுக்கு வரும். அப்பா நாலரைக்கே போய் நிற்பார். ஏழு மணி பஸ்ஸில் போகிறவனை அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. "வெயிலுக்கு முந்திப் போயி வெயிலுக்கு முந்தி வந்தரோணும்" என்பார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம், அத்தையை அவள் மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம். சங்ககிரியில் கொடுத்திருந்தது. மாமா சொந்த லாரி வைத்து அவரே ஓட்டினார். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். அவர் லைனில் இருந்த ஒரு சமயத்தில்தான் மாமியார் இந்தக் காரியத்தைச் செய்தார். அவரும் முதல் பஸ்ஸில்தான் வந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"காலைல நல்லாத்தானுங்க இருக்கறா. பொழுது சாஞ்சு மாடு கண்ணு ஊட்டுக்கு வந்து, அடுப்புப் பத்த வெக்கற நேரமாச்சுன்னா போதும், படுத்துக்கறா. கையத் தூக்க முடியலைங்கறா, கண்ணத் தொறக்க முடியலைங்கறா. என்ன நோவுன்னு நீங்களே பாத்துச் சரி பண்ணி அனுப்புங்க. தை மாசம் வரைக்கும் பாக்கறோமுங்க" என்றார்.

தை மாதத்துக்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. பெரியவர்கள் யாரும் கேட்கவும் இல்லை. எனக்கே தெரிந்தது. வேறு பெண் பார்ப்பார்கள்.

அத்தைக்கு மாமா மேல் கொள்ளைப் பிரியம். ரோட்டில் லாரி ஆரன் அடித்தால் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பாள். எங்கள் ஊர் வழியாகப் போகும் சங்ககிரி டிரைவர்கள் டீக்கடையில் மாமாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனால், அதை என்னிடம் மூன்று தரம் சொல்ல வைத்துக் கேட்பாள். குணமாகிப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

வைத்தியம் ஆரம்பமானது. முதல் பஸ்ஸில் அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு போவார். ஏழு மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் முதல் டோக்கன். ஒன்பதரைக்கு டாக்டர் பார்ப்பார். அப்போது அத்தை எப்படி இருப்பாள் தெரியுமா? ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பளிச்சென்று இருப்பாள். கையை நீட்டு என்றால் நீட்டுவாள். கண்ணைத் திற என்றால் திறப்பாள். ஒரு டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். இன்னொருவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மூன்றாமவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியார் மருமகள் சண்டையா என்று விசாரித்தார். பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுவார்கள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எட்டு மணிக்கெல்லாம் பத்துப் பேரு நமக்குப் பின்னால நிக்கறாங்க" என்பார். டாக்டர் சொன்னதைவிட அவருக்கு அதுதான் பெரிய சேதி.

டாக்டர்களை விடுங்கள். பூசாரி திருநீறு மந்திரிக்க விடிவதற்கு முன் வந்தார். நாடி பார்த்தவர், வெறும் வயிற்றில் வந்தால்தான் நாடி பேசும் என்றார். சாயங்காலம் வரும் ஒரு நோயை இத்தனை பேர் காலையில் தேடினார்கள்.

பிறகு உறவுக்காரர்கள். நோவு கேட்க வருவது என்ற அந்தக் கொடுமை இப்போது போனில் முடிந்துவிடுகிறது. அப்போது நேரில் வந்தார்கள். நாலு பேர், ஐந்து பேராக, ரொட்டிப் பாக்கெட்டும் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆறு ஆரஞ்சும் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களும் வெயிலுக்கு முந்தித்தான். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். யார் சமைப்பது? அத்தைதான். அம்மா எவ்வளவோ தடுத்தாள். அத்தை கேட்க மாட்டாள். தனக்கு வேலை செய்யத் தெரியும், தான் சோம்பேறி இல்லை என்று சங்ககிரிக்குச் சேதி போக வேண்டும் அவளுக்கு. வந்தவர்கள் அத்தை கையால் கொள்ளுப் பருப்பும் ரசமும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, "சாறு காரசாரமா இருந்துச்சு சாமி, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி, மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். போகிற இடமெல்லாம், "எங்களுக்கு ஆக்கிப் போட்டாளே, நோவாளி மாதிரியே இல்ல" என்று சொல்வார்கள். ஆர்லிக்ஸ் பாட்டில்கள் மட்டும் பரணில் வரிசையாகச் சேர்ந்துகொண்டு வந்தன. கடைசியில் அம்மா அவற்றில் உளுந்தும் கடுகும் போட்டு வைத்தாள்.

அவர்கள் போன பிறகு நடந்ததை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று சொன்னால் அம்மாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஆனால் அம்மா பார்த்த விதம் வேறு. பள்ளிக்கூடம் விட்டு நான் நாலரைக்கு வரும்போது அம்மா பால் கறக்க உட்கார்ந்திருப்பாள். கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், புல் போட வேண்டும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அத்தை கட்டிலில் கிடந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? "ஒறம்பரைக்கெல்லாம் ஆக்கிப் போட ஒடம்பு இருக்குது. சாயந்தரம் ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுக்க இல்ல" என்று மாட்டிடம் சொல்வாள். மாட்டிடம் சொன்னாலும் கட்டிலுக்குக் கேட்கும். அப்பாவோ மோட்டாருக்குக் கரண்டு வந்து, தண்ணீர் கட்டி, டீக்கடை போய் வீட்டுக்கு வரும்போது எட்டரை. அத்தை அதற்குள் தூங்கிவிட்டிருப்பாள். தன் தங்கையின் சாயங்கால முகத்தை அவர் மாதக்கணக்கில் பார்க்கவே இல்லை.

அந்த முகம் எனக்கு மனப்பாடம். ஐந்து மணிக்கு முதலில் இடது இமை இறங்கும். பிறகு வலது. தாடை தொங்காமல் இருக்கக் கையால் முட்டுக் கொடுத்துக்கொள்வாள். பேச்சு மூக்கில் வரும். காபி குடித்தால் சில நாள் மூக்கு வழியாக வந்துவிடும். உடனே முந்தானையால் துடைத்துக்கொண்டு யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பாள், அதாவது பார்க்க முயல்வாள். வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தோம். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கட்டை விரல்களாலும் அவள் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். அவள் மனதுக்குள் படிப்பாள். பக்கம் திருப்ப வேண்டும் என்றால் "ம்" என்பாள். கதைக்குப் போட்டிருந்த படம் பிடித்திருந்தால் சிரிப்பாள்.

அத்தையின் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். சாயங்காலம் உதட்டு ஓரம் மேலே போகாது. நடு உதடு மட்டும் லேசாக உயர்ந்து பல் கொஞ்சம் தெரியும். முதல் தரம் பார்த்தபோது என் மேல் கோபம் என்று நினைத்து விரலை எடுத்துவிட்டேன். "சிரிக்கறேன் சாமி" என்றாள், மூக்கால். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்துபோயிற்று. பொழுது போனால் அதுதான் அவள் சிரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அத்தைக்குச் சாயந்தரமானாத்தானுங்கப்பா முடியறதில்ல. சாயந்தரமாக் கூட்டிட்டுப் போங்கப்பா."

"சாயந்தரம் போயி எந்த டாக்டரப் பாக்கறது? பெரியவங்க பாத்துக்குவாங்க, நீ போயிப் படி."

இவ்வளவுதான். ஒரு பத்து வயதுப் பெண் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதமாவது மிச்சம்.

மார்கழியில் கிழங்கு வெட்டினோம். மரவள்ளிக் குச்சிக்கிழங்கைச் சேலம் தாண்டி ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரிக்குக் கொண்டுபோனால் விலை நன்றாகக் கிடைக்கும் என்று அப்பா லாரி பேசினார். சேலத்தில் புதிதாக ஒரு நரம்பு டாக்டர் இருப்பதாகவும் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே நடையில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று அப்பாவுக்கு யோசனை. அரைப் பரீட்சை லீவில் இருந்த நான் அத்தைக்குத் துணை. விடியற்காலை அத்தை யார் கையும் பிடிக்காமல் லாரி கேபினில் ஏறினாள். முதலில் கிழங்கை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு டாக்டர் என்பது திட்டம்.

பேக்டரி வாசலில் முப்பது லாரி நின்றது. எல்லோரும் எங்களுக்கு முந்தி வந்துவிட்டிருந்தார்கள். அப்பா முதல் தடவையாகத் தோற்றுப்போன நாள் அது. கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று பாயிண்ட் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வரிசை. வெட்டின கிழங்கைப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது, புளித்துவிடும். வெயில் ஏற ஏற அப்பா யார் யாரையோ திட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டாக்டர் வீட்டு வாசலில் லாரி நின்றபோது மணி ஐந்தரை.

அத்தையை நானும் கிளீனரும்தான் இறக்கினோம். தலை நெஞ்சில் சாய்ந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். "பெரிய டாக்டரு காலைலதான் இருப்பாராமா. திரும்பிப் போயிட்டு நாளைக்கு மொத பஸ்ஸுல வந்தரலாம்."

அத்தையை மறுபடி லாரியில் ஏற்ற முடியாது என்று கிளீனர் சொன்னதால்தான் உள்ளே போனோம். நல்லவேளை அவன் சோம்பேறியாக இருந்தான்.

உள்ளே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். அத்தையை மேலே பார்க்கச் சொன்னார், ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். பதினைந்தைத் தாண்டுவதற்குள் குரல் போய்விட்டது. எத்தனை நாளாக இப்படி என்று அப்பாவைக் கேட்டார்.

"இன்னிக்கு அலைச்சலுங்க. எப்பவும் இப்பிடி இருக்க மாட்டாளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வீட்ல அத்தைகூட யாரு இருப்பா? நீதானா? நீ சொல்லு."

"தெனமும் அஞ்சு மணிக்கு இப்படித்தானுங்க. காலைல சரியாப் போயிரும். அப்பாகிட்டச் சொன்னனுங்க, அவர் சாயந்தரம் எந்த டாக்டர் இருப்பாங்கன்னு சொல்லிட்டாருங்க."

ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் அத்தையின் இமைகள் மேலே போயின. என் விரல் இல்லாமல், தானாக. அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை நான் வேறெதிலும் அனுபவித்ததில்லை. நோய்க்கு டாக்டர் ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார். எதனால் வருகிறது என்று கேட்டதற்கு, தெரியாது, இவர்களுக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக இருப்பார்கள், ஆனால் சில சாயங்காலம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். கடைசியாக அப்பாவிடம், "குழந்தை சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

லாரியில் திரும்பி வந்து ஊர்ப் பிரிவில் இறங்கியதும் அப்பா என்னிடம் சொன்னார். "நாலு பேரு முன்னால அப்பன மானங்கெடுத்திப் போட்ட. இனி ஊட்டு விசயத்துல வாயத் தொறந்தீன்னா பாத்துக்க." பாராட்டுவார் என்று நினைத்திருந்தவளுக்கு அது. சரி, இனி திறக்கவே மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். வீம்பில் நான் அப்பாவின் மகள்.

மாத்திரை வேலை செய்தது. பொங்கலுக்கு முன்பே அத்தை சாயங்காலமும் அடுப்பருகில் உட்கார்ந்தாள். அம்மா மாட்டிடம் முறையிடுவதை நிறுத்திவிட்டு, அத்தைக்கு முட்டை அவித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அப்பா சங்ககிரிக்கு ஆள் அனுப்பினார்.

மாமியாரும் மாமாவும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களும் ஏழு மணிக்கெல்லாம் வந்து இறங்கினார்கள். அத்தை அப்போது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கறா. பொறந்த ஊட்டுல இருந்தா எல்லாம் சரியாப் போயிருதாக்கும்."

அப்பா நோயின் பேரைச் சொல்ல முயன்றார், வாயில் வரவில்லை. அத்தைதான் பேசினாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"காலைல பாத்துட்டுக் கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க. பொழுது சாஞ்சு வாங்க. நான் மாத்திரை போட்டுக்காம இருக்கறேன். இருக்கறத இருக்கற மாதிரி பாத்துப் போட்டு, அப்பவும் வான்னு சொன்னீங்கன்னா வாரேன்."

மாமியார் இதென்ன திமிர் என்று எழுந்து போய்விட்டார். மாமா மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அத்தை மேலேயும் எனக்கு எரிச்சல்தான். பேசாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் விழுந்திருப்பாள், பிறகு அவர்களுக்கும் பழகியிருக்கும். ஆனால் பாதி வருஷம் நடிப்புக்காரி என்று பேர் வாங்கினவளுக்கு அது முடியவில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே மாமா ஆறு மணி பஸ்ஸில் தனியாக வந்தார். மல்லிகைப்பூப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். மறுநாள் அவர் லைனுக்குப் போக வேண்டும், திரும்ப இருபது நாள் ஆகும். அத்தை கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, தாடையைக் கையில் தாங்கி, காத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை போடாததால் அன்று ரொம்ப மோசம். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ மெதுவாகக் கேட்டார். அத்தைக்குப் பேச்சு எழும்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டு நடு உயர்ந்தது, பல் தெரிந்தது.

மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு எழுந்து வெளியே வந்து, வேலிப் படலருகில் நின்ற அப்பாவிடம் சொன்னார்.

"அவளுக்கு மனசில்லீங்க மச்சான். பூவக் குடுத்தா மொறைச்சுப் பல்லக் கடிக்கறா. என்ற மேல வெறுப்பு இருக்குதுங்க. கட்டாயப்படுத்தி என்னத்துக்குங்க?"

"நோவுங்க மாப்பிள்ள, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றார் அப்பா. ஆனால் அவருக்கே அது தெரியாது. அந்தச் சிரிப்பு அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் படலுக்கு இந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஊட்டு விசயத்தில் வாயைத் திறக்கக் கூடாதே. இத்தனை வயதுக்கு அப்புறம் பொய் சொல்ல வேண்டாம், அது மட்டும் காரணம் இல்லை. மாமா சரி என்று சொல்லியிருந்தால் மறுநாள் அத்தை போய்விடுவாள். தொடர்கதை இன்னும் முடியவில்லை. எனக்கு அவள் வேண்டும். மாமா ஏழரை பஸ்ஸுக்கு நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவையும் மாமியாரையும் ஊர் டாக்டர்களையும் இவ்வளவு நேரம் திட்டினேனே, அவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, பெண்ணுக்கு இஷ்டமில்லாததால் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சங்ககிரியிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்து சொன்னார். மறுநாள் காலை, முகம் முகமாக இருக்கும் அந்த நேரத்தில், அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நான் அவரப் பாத்துச் சிரிச்சனே சாமி, நீ பாத்தீல்ல?"

"பாத்தனுங்க அத்தை."

"அவரும் பாத்திருப்பாருல்ல?"

பாத்தாருங்க என்று மட்டும் சொன்னேன். படலருகில் அவர் சொன்னதைச் சொல்லவில்லை. அத்தை ரிப்பனை முடிந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, போ என்றாள்.